இப்னு கல்தூன்: ஒரு வரிப் பாடம் வெள்ளை மாளிகைக்குப் போன கதை

1981 அக்டோபர் 1 அன்று நடந்த செய்தியாளர் சந்திப்பில் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயரைச் சொன்னார். 575 ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வஃபாத்தான ஒரு மாலிகி மத்ஹப் காழியின் பெயர் அது. தமது அரசு கொண்டுவந்திருந்த மாபெரும் வரிக் குறைப்புக்கு ஆதாரமாக அவர் காட்டியது அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களை.

இந்தச் செய்தியை நம்மவர்கள் அவ்வப்போது பெருமையோடு பகிர்வதுண்டு. மகிழ்வதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாடம் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா, பாதியாகப் போய்ச் சேர்ந்ததா என்று நாம் கேட்பதில்லை. இப்னு கல்தூன் தம் வாழ்நாளில் பல அரசவைகளில் இருந்தார். அவற்றில் எதுவும் அவருடைய வரிப் பாடத்தைச் சட்டமாக்கவில்லை. பிறகு எவ்வழியாக அது ஒரு வல்லரசின் வரிச் சட்டத்துக்கு ஆதாரமாயிற்று? இதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையிலிருந்து தொடங்குவோம்.

பிறப்பும் கொள்ளைநோயும்

ஹிஜ்ரி 732, ரமளான் முதல் பிறை. அதாவது 1332 மே 27. துனிஸ் நகரில் அப்துர் ரஹ்மான் பிறந்தார். அவருடைய முன்னோர்கள் யமன் நாட்டின் ஹள்ரமௌத் பகுதியைச் சேர்ந்தவர்கள். பின்னர் ஸ்பெயினுக்குச் சென்று இஷ்பீலியா எனும் செவில் நகரில் செல்வாக்கோடு வாழ்ந்தார்கள். 1248-இல் செவில் கிறிஸ்தவ மன்னரின் கையில் விழுவதற்கு முன்பே அந்தக் குடும்பம் கடல் கடந்து வட ஆப்பிரிக்கா வந்துவிட்டது. ஆட்சி கைமாறும்போது குடிமக்களின் வாழ்வு எப்படித் தலைகீழாகும் என்பது அந்த வீட்டில் பரம்பரைச் செய்தி.

குர்ஆன் ஹிஃப்ளு, ஹதீஸ், மாலிகி ஃபிக்ஹ், அரபு இலக்கணம் என்று நம் மதரஸாக்களில் ஓதும் வரிசையிலேயே அவரும் ஓதினார். அல்ஆபிலி என்ற உஸ்தாதிடம் கணிதமும் தர்க்கமும் கற்றார். பிற்காலத்தில் சமூகத்தையும் பொருளாதாரத்தையும் காரண காரியத்தோடு ஆராய்ந்த அவருடைய முறைக்கு வித்திட்டவர்களில் இந்த உஸ்தாதுக்கு முக்கிய இடமுண்டு.

1348, 1349-ஆம் ஆண்டுகளில் கறுப்புச் சாவு என வரலாறு அழைக்கும் பிளேக் நோய் துனிஸைத் தாக்கியது. 17 வயதுக்குள் இப்னு கல்தூன் தாயையும் தந்தையையும் இழந்தார். அவருக்குப் பாடம் சொன்ன உஸ்தாதுகளில் பலரும் வஃபாத்தானார்கள். ஊர்கள் காலியாவதையும், வயல்கள் தரிசாவதையும், வரி கொடுக்க ஆளில்லாமல் அரசுகள் தள்ளாடுவதையும் அவர் இளவயதிலேயே பார்த்துவிட்டார். அரசின் செல்வம் கஜானாவில் இல்லை, உழைக்கும் கைகளில் இருக்கிறது என்று அவர் பின்னாளில் எழுதியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

அரசவையும் சிறைச்சாலையும்

துனிஸ் அரசவையில் அரசாணைகளின் தலைப்பில் அலங்கார எழுத்தில் முத்திரை வாசகம் எழுதும் பணி அவருக்கு முதலில் கிடைத்தது. அங்கு அவர் நெடுநாள் தங்கவில்லை. 1354-இல் மொராக்கோவின் ஃபாஸ் நகருக்குச் சென்று மரீனிய சுல்தான் அபூ இனானின் அவையில் சேர்ந்தார். 1357-இல் சதியில் பங்குகொண்டார் என்ற சந்தேகத்தில் சிறையில் தள்ளப்பட்டார். ஏறத்தாழ 2 ஆண்டுகள் கழித்து, சுல்தான் இறந்த பிறகே வெளியே வந்தார்.

1362-இன் இறுதியில் கிரனாடா சென்றார். அங்கு சுல்தான் ஐந்தாம் முஹம்மது அவரை மரியாதையோடு வரவேற்று, 1364-இல் காஸ்டிலின் கிறிஸ்தவ மன்னர் பெட்ரோவிடம் தூதராக அனுப்பினார். தம் முன்னோர்களின் செவில் நகரிலேயே அந்தச் சந்திப்பு நடந்தது. தம்மிடம் தங்கிவிட்டால் குடும்பத்தின் பழைய சொத்துகளைத் திருப்பித் தருவதாக மன்னர் சொன்னார். இப்னு கல்தூன் மறுத்துவிட்டார்.

நம் தலைப்புக்கு மிக நெருக்கமான கட்டம் 1365-இல் வருகிறது. இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரையிலுள்ள பிஜாயா நகரில் சுல்தானுக்கு அடுத்த நிலையான ஹாஜிப் பதவியில் அவர் அமர்ந்தார். பகலில் நிர்வாகம், பள்ளிவாசலில் குத்பா, அங்கேயே மாணவர்களுக்குப் பாடம். இவற்றோடு மலைகளில் வாழ்ந்த பெர்பர் கோத்திரத்தாரிடம் வரி வசூலிக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. போருக்குப் பணம் வேண்டும். வரி கொடுக்க விரும்பாத மக்களோ மலைமேல் இருக்கிறார்கள். ஏட்டில் எழுதிய தொகைக்கும் கையில் வந்து சேரும் தொகைக்கும் உள்ள தூரத்தை அவர் நேரில் கண்டார். மறு ஆண்டே சுல்தான் தம் உறவினரோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். இப்னு கல்தூன் மீண்டும் ஊர் ஊராக அலைய நேர்ந்தது.

அவருடைய அரசியல் வாழ்வில் விமர்சிக்க இடமிருக்கிறது. அணி மாறினார், ஆதரவாளர்களை மாற்றினார் என்று வரலாற்றாசிரியர்கள் குறை சொல்வதுண்டு. நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. அத்தனை அரசவைகளையும் உள்ளிருந்து பார்த்ததால்தான் அவற்றின் நோயை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது.

கோட்டையில் பிறந்த கிதாபு

1375-இல் அரசியலை உதறிவிட்டு, அல்ஜீரியாவின் உள்நாட்டில் கல்அத் இப்னு ஸலாமா என்ற சிறு கோட்டையில் குடும்பத்தோடு தங்கினார். அங்கிருந்த ஓர் அரபுக் கோத்திரம் அவருக்குப் பாதுகாப்பளித்தது. உலக வரலாறு ஒன்றை எழுதத் தொடங்கிய அவர் அதன் முன்னுரையை 1377-இல் 5 மாதங்களில் முடித்தார். அந்த முன்னுரைதான் முகத்திமா.

மதரஸாவில் நாம் அதன் பெயரை வரலாற்றுக் கிதாபு என்றே கேள்விப்படுகிறோம். கலைக் கல்லூரியில் சமூகவியல், பொருளாதாரம் என்று வெவ்வேறு பாடநூல்களின் முன்பக்கங்களில் அதே பெயரைச் சந்திக்கிறோம். இரண்டும் ஒரே நூல்தான். நாடோடி வாழ்வு, நகர வாழ்வு, கோத்திரப் பிணைப்பு, அரசின் ஆயுள், தொழில்கள், கல்வி என்று எல்லாம் அதில் வருகின்றன. ஓர் அரசவம்சத்தின் ஆயுள் பொதுவாக மூன்று தலைமுறை, அதாவது சுமார் 120 ஆண்டுகள் என்பது அவருடைய கணக்கு. அந்த ஆயுளுக்குள் வரி எப்படி மாறுகிறது என்பதை நூலின் மூன்றாம் பகுதியில் சில அத்தியாயங்களில் விளக்குகிறார்.

வரிப் பாடம்

அவர் சொல்வதன் சாரம் இது. ஆட்சி புதிதாக அமையும்போது ஆட்சியாளர்கள் எளிமையானவர்கள். மார்க்கம் விதித்த ஜகாத், கராஜ், ஜிஸ்யா ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். இவற்றுக்கு வரம்பு உண்டு. தானியத்தின் ஜகாத்தை எடுத்துக்கொண்டால், மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. சுல்தானுக்குத் தேவை கூடிவிட்டது என்பதற்காக இந்தப் பங்கு கூடாது. சுமை குறைவாக இருப்பதால் மக்கள் ஆசையோடு உழைக்கிறார்கள். உழைப்பு பெருகுவதால், ஒவ்வொருவர் கொடுப்பதும் சிறிதாக இருந்தாலும் கஜானாவில் சேர்வது பெரிதாகிறது.

அடுத்த தலைமுறைகளில் மாளிகை பெரிதாகிறது. ஆடம்பரம் பழக்கமாகிறது. சேவகர்களும் சம்பளப் படையும் பெருகுகிறார்கள். செலவு வரவை மிஞ்சுகிறது. அதை ஈடுகட்ட வரியைக் கொஞ்சம் கூட்டுகிறார்கள். பிறகு இன்னும் கொஞ்சம். மெல்ல மெல்லக் கூடுவதால் யார் கூட்டினார், எப்போது கூட்டினார் என்பதே மக்களுக்குத் தெரிவதில்லை. சந்தைக்கு வரும் பொருள்மீதும் நகர வாசலில் நுழையும் சரக்கின்மீதும் மக்ஸ் எனும் சுங்கம் போடப்படுகிறது.

நூறு மூட்டை கோதுமை விளைவிக்கும் ஒரு விவசாயியை எண்ணிப் பார்ப்போம். பத்து மூட்டை வரி என்றால், பக்கத்திலுள்ள தரிசு நிலத்தையும் உழுது விதைக்க அவருக்கு ஆசை வரும். ஐம்பது மூட்டை என்றால் தரிசு தரிசாகவே கிடக்கும். அடுத்த ஆண்டு இருக்கும் வயலிலும் பாதியை விட்டுவிடுவார். அதிகாரி வரி விகிதத்தை ஏட்டில் ஐந்து மடங்கு ஆக்கியிருப்பார். வசூல் அந்த அளவுக்கு ஏறாது, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கவே செய்யும். வசூல் குறைந்ததைக் கண்டு அவர் மேலும் கூட்டுவார். கடைசியில் பிழைப்பில் நம்பிக்கை இழந்த மக்கள் ஊரைவிட்டே போய்விடுவார்கள்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஆட்சியாளரின் செலவு. வரி அதற்கு அடுத்த கண்ணிதான். செலவைத் தொடாமல் வரியை மட்டும் பேசினால் அது இப்னு கல்தூனின் பாடம் ஆகாது.

அவர் அங்கே நிற்கவும் இல்லை. வரி போதாதபோது சுல்தானே வியாபாரத்தில் இறங்குவார் என்கிறார். அரண்மனை ஒரு பொருளை வாங்க வந்தால் எதிர்த்து விலை கேட்க யாருக்குத் துணிவு வரும்? குறைந்த விலைக்கு அது எடுத்துக்கொள்ளும். அதையே வணிகர்கள் தலையில் அதிக விலைக்குக் கட்டும். அவர்களுடைய முதல் முடங்கிவிடும், சந்தை படுத்துவிடும், அரசுக்கு அவர்கள் கட்டிவந்த வரியும் நின்றுபோகும். அதேபோல, சுல்தான் பணத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துச் சேவகர்களின் சம்பளத்தை வெட்டினாலும் கேடுதான். அரசுதான் நாட்டின் மிகப் பெரிய சந்தை. அது செலவழிக்காவிட்டால் மற்றச் சந்தைகளும் வாடும், வரியும் குறையும். ஆகவே அரசு எதையும் செலவு செய்யக் கூடாது என்பதும் அவருடைய வாதமல்ல. மக்களிடமிருந்து வந்த பணம் மக்களிடையே புழங்க வேண்டும்.

கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதையும் மிகப் பெரிய அநீதிகளில் ஒன்றாக அவர் எழுதினார். உழைப்புதான் ஏழையின் சொத்து, அதைப் பறிப்பது சொத்தைப் பறிப்பதே என்பது அவருடைய நிலை.

இந்த இடத்தில் ஒரு பழைய பாரசீகக் கதையையும் எடுத்துச் சொல்கிறார். பஹ்ராம் என்ற மன்னர் ஆந்தை அலறுவதைக் கேட்டு, அது என்ன சொல்கிறது என்று தம் மதகுருவிடம் கேட்டார். ஓர் ஆண் ஆந்தை பெண் கேட்கிறது, பாழடைந்த இருபது கிராமங்களைத் தந்தால் மணம் முடிப்பதாகப் பெண் ஆந்தை நிபந்தனை வைக்கிறது, இந்த மன்னரின் ஆட்சி நீடித்தால் ஆயிரம் கிராமங்களே தரலாம் என்று ஆண் ஆந்தை ஒப்புக்கொள்கிறது என்றார் மதகுரு. மன்னருக்கு உறைத்தது. உழவர்களிடமிருந்து பறித்துத் தம் பரிவாரத்துக்குக் கொடுத்திருந்த நிலங்களை அவர் உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். வரி கட்டி நிலத்தை உழுதவர்களிடமிருந்து பிடுங்கி, வரி கட்டாத அரண்மனைச் சுற்றத்தாருக்குக் கொடுத்ததுதான் அந்த நாட்டைப் பாழாக்கியது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் கடைசியில் இது தேவைப்படும்.

எகிப்தில் கடைசிக் காலம்

1382-இல் ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொல்லி துனிஸிலிருந்து கப்பலேறிய இப்னு கல்தூன் எகிப்தில் தங்கிவிட்டார். சுல்தான் பர்கூக் 1384-இல் அவரை மாலிகி மத்ஹபின் தலைமைக் காழியாக நியமித்தார். பொய்ச் சாட்சிகளையும் லஞ்சம் வாங்கிய எழுத்தர்களையும் அவர் தண்டித்தார். பெரிய மனிதர்களின் சிபாரிசுக்கு இணங்க மறுத்தார். பகை வளர்ந்தது. அதே ஆண்டில் துனிஸிலிருந்து அவருடைய குடும்பம் ஏறிவந்த கப்பல் அலெக்சாந்திரியா அருகே மூழ்கியது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஓராண்டுக்குள் பதவியும் போயிற்று. 1387-இல் ஹஜ் செய்தார். பிறகு கற்பித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். மொத்தம் ஆறு முறை காழியாக நியமிக்கப்பட்டார், ஐந்து முறை நீக்கப்பட்டார்.

1401 ஜனவரியில் தைமூரின் படை டமாஸ்கஸை முற்றுகையிட்டிருந்தது. 68 வயதான இப்னு கல்தூன் கோட்டைச் சுவரிலிருந்து கயிறு வழியாக இறங்கிச் சென்று தைமூரைச் சந்தித்தார். தம்மோடு இருந்த காழிகளுக்கும் அலுவலர்களுக்கும் பாதுகாப்புக் கேட்டுப் பெற்றார். நகரத்தை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஹிஜ்ரி 808 ரமளானில், 1406 மார்ச்சில், ஆறாவது முறையாகக் காழி பதவியில் இருந்தபோதே கெய்ரோவில் வஃபாத்தானார். நகரின் பாபுந் நஸ்ர் வாசலுக்கு வெளியே சூஃபிகளின் மையவாடியில் அடக்கப்பட்டார்.

எகிப்து அவருடைய வரிப் பாடத்தைக் கேட்டதா? அவர் மறைந்து 20 ஆண்டுகளுக்குள்ளேயே பதில் வந்துவிட்டது. 1422-இல் அரியணை ஏறிய சுல்தான் பர்ஸ்பாய் சர்க்கரையையும், மலபார் கரையிலிருந்து செங்கடல் வழியாக வந்த மிளகையும் அரசின் ஏகபோகமாக்கினார். வணிகர்கள் ஒதுக்கப்பட்டார்கள், ஐரோப்பியர்கள் சுல்தான் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. எதைச் செய்யக் கூடாது என்று அந்தக் காழி எழுதினாரோ அதுவே நடந்தது. 1498-இல் போர்த்துகீசியர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நேராகக் கோழிக்கோட்டுக்கே வந்துவிட்டார்கள். 1517-இல் மம்லூக் அரசு வீழ்ந்தது. அதற்குக் காரணங்கள் பல. முகத்திமாவைப் படித்தவருக்கு அவற்றில் சில முன்பே தெரிந்தவையாக இருக்கும்.

ஓரத்திலிருந்து மையத்துக்கு

கிதாபு மட்டும் பயணம் செய்தது. உஸ்மானியப் பேரரசு தளர்ந்தபோது நைமா போன்ற அதன் வரலாற்றாசிரியர்கள் முகத்திமாவில் தங்கள் நாட்டின் நோயைத் தேடினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கெய்ரோவிலும் பாரிஸிலும் அது அச்சேறியது, பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டது. 1958-இல் ஃபிரான்ஸ் ரோஸந்தாலின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்று தொகுதிகளாக அமெரிக்காவில் வெளிவந்தது. அந்த வரிப் பகுதி இப்போது ஆங்கிலம் அறிந்த எவர் கைக்கும் எட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்து ஆள ஒரு தேவை வர வேண்டியிருந்தது.

1970-களில் அந்தத் தேவை வந்தது. அமெரிக்காவில் விலைவாசியும் வேலையின்மையும் ஒன்றாக ஏறின. அதுவரை ஆட்சியாளர்களுக்கு ஆலோசனை சொல்லிவந்த பொருளாதார அறிஞர்களின் மருந்து வேலை செய்யவில்லை. விலைவாசிக்கு ஏற்ப ஏட்டளவில் சம்பளம் கூடியதால் சாதாரணக் குடும்பங்களும் உயர்ந்த வரிப் படிக்குத் தள்ளப்பட்டன. வாங்கும் சக்தி கூடவில்லை, வரி மட்டும் கூடியது.

1974-இல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் ஆர்தர் லாஃபர் என்ற இளம் பொருளாதாரப் பேராசிரியர், அதிபர் மாளிகை அதிகாரி டிக் செய்னியும் பத்திரிகையாளர் ஜூட் வான்னிஸ்கியும் இருந்த மேசையில் ஒரு கைத்துடைப்பானில் வளைகோடு ஒன்றை வரைந்தார் என்று சொல்லப்படுகிறது. வரி விகிதம் பூஜ்யம் என்றால் வருமானம் பூஜ்யம். விகிதம் நூறு என்றால் யாரும் உழைக்க மாட்டார்கள், அப்போதும் பூஜ்யம். இடையில் எங்கோ ஓர் உச்சி இருக்கிறது. அந்த உச்சியைத் தாண்டிவிட்டால் வரியைக் குறைப்பதே வருமானத்தைக் கூட்டும். இந்தக் கருத்து தம்முடைய கண்டுபிடிப்பு அல்ல, இப்னு கல்தூன் முன்பே எழுதியதுதான் என்று லாஃபரே பின்னாளில் எழுதினார்.

அன்று பொருளாதாரத் துறையில் இது ஓரத்துக் கருத்து. அமெரிக்கா அந்த உச்சியைத் தாண்டிவிட்டது என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் அது வேகமாகப் பரவியது. அதைச் சுமந்து சென்றவர்கள் பேராசிரியர்கள் அல்லர். வான்னிஸ்கி ஒரு பெரிய வணிக நாளேட்டின் தலையங்கப் பக்கத்தில் அதைத் திரும்பத் திரும்ப எழுதினார், 1978-இல் நூலாகவும் வெளியிட்டார். கால்பந்து வீரராக இருந்து நாடாளுமன்ற உறுப்பினரான ஜாக் கெம்ப், செனட்டர் வில்லியம் ராத்தோடு சேர்ந்து வருமான வரியை மூன்றாண்டுகளில் 30 சதவீதம் குறைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1978-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு மூலம் சொத்து வரியை வெட்டினார்கள். வரிக்கு எதிரான கோபம் வாக்காக மாறும் என்பது அரசியல்வாதிகளுக்குப் புரிந்துவிட்டது.

ரீகன் திரைப்பட நடிகராக இருந்தவர். போர்க்கால உச்ச வரி 90 சதவீதத்தைத் தாண்டியபோது, சில படங்களோடு நடிகர்கள் அந்த ஆண்டு வேலையை நிறுத்திக்கொண்டதை அவர் அடிக்கடி நினைவுகூர்வார். இந்தக் கருத்து அவருடைய சொந்த அனுபவத்தோடு ஒட்டிக்கொண்டது. 1980-இல் கட்சிக்குள் அவரோடு போட்டியிட்ட ஜார்ஜ் புஷ் இதைப் பில்லிசூனியப் பொருளாதாரம் என்று கேலி செய்தார். பின்னர் அவரே ரீகனின் துணை அதிபராகி அதே கொள்கையை ஆதரித்தார். 1981 ஆகஸ்டில் சட்டம் கையெழுத்தானது. தனிநபர் வருமான வரி மூன்றாண்டுகளில் சுமார் 23 சதவீதம் குறைந்தது. உச்ச விகிதம் 70-லிருந்து 50 சதவீதமாக இறங்கியது. 1986-இன் சட்டம் அதை 28 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது.

ஒரு கருத்து ஓரத்திலிருந்து சட்டப் புத்தகத்துக்கு வர என்ன வேண்டும் என்பதை இந்த 7 ஆண்டுகள் நமக்குக் காட்டுகின்றன. பழைய மருந்து தோற்றுப்போன ஒரு நெருக்கடி. ஒரு காகிதத்தில் வரைந்து காட்டிவிடக்கூடிய எளிமை. அதை ஓயாமல் சொல்ல ஒரு பத்திரிகை. அதைக் கேட்க விரும்பும் ஓர் ஆட்சியாளர். கூடவே, அதற்கு மரியாதை தேடித்தர ஒரு பழம்பெரும் பெயர். கருத்து சரியா, தவறா என்ற சோதனை இந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் வருகிறது. சில வேளை சட்டம் வந்த பிறகே வருகிறது.

விட்டுப்போன பாதி

சோதனை விரைவிலேயே வந்தது. வரி குறைந்தது, செலவு குறையவில்லை. இராணுவச் செலவு பெருமளவு கூடியது. பற்றாக்குறையைக் கண்டு 1982-இலேயே சில வரிகளைத் திரும்பக் கூட்ட வேண்டியதாயிற்று. 1983-இல் தொழிலாளர்களின் சம்பளத்தில் பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு வரியின் உயர்வு முன்கூட்டியே கொண்டுவரப்பட்டது. ரீகன் பதவியேற்றபோது 1 லட்சம் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக இருந்த நாட்டின் கடன், அவர் விடைபெற்ற 1989 ஜனவரியில் 2.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

நேர்மையாகச் சொன்னால், வரிக் குறைப்பால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. 70 சதவீத வரி உழைப்பையும் முதலீட்டையும் முடக்கியது என்பதைப் பலர் ஏற்கிறார்கள். பொருளாதாரம் வளர்ந்தது, விலைவாசி கட்டுக்குள் வந்தது. ஆனால் அந்த வளர்ச்சியில் வரிக் குறைப்பின் பங்கு எவ்வளவு, மத்திய வங்கியின் வட்டிக் கொள்கையின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வரிக் குறைப்பு தன் செலவைத் தானே ஈடுகட்டிவிடும் என்ற வாக்குறுதி மட்டும் நிறைவேறவில்லை. 2012-இல் கான்சஸ் மாநிலம் லாஃபரையே ஆலோசகராக வைத்து வருமான வரியை வெட்டியது. பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் பணமில்லாமல் 2017-இல் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

இதற்கு இப்னு கல்தூன் பொறுப்பாளி ஆவாரா? அவர் எழுதியது நோயின் முழு வரலாறு. அதில் முதல் அறிகுறி அரண்மனையின் செலவு. நடுவில் வரி. முடிவில் அநீதியும் பாழும். வாஷிங்டன் அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. வரி குறைவாக இருந்த காலத்தில் ஆட்சியாளர்கள் எளிமையாக இருந்தார்கள் என்ற வரலாற்றைப் படித்துவிட்டு, எளிமையை விட்டுவிட்டு வரிக் குறைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது கடன்தான்.

ஆந்தைக் கதையும் அதைத்தான் சொல்கிறது. சுமை குறைக்கப்பட வேண்டியவர்கள் நிலத்தை உழுதவர்கள். சலுகை பறிக்கப்பட வேண்டியவர்கள் வரி கட்டாமல் அனுபவித்த சுற்றத்தார். ஒரு வரிச் சட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க இப்னு கல்தூன் நமக்குத் தரும் அளவுகோல் விகிதத்தின் எண் மட்டுமல்ல. யாருடைய சுமை குறைகிறது, அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள், ஆட்சியாளர் தம் செலவில் எதைக் குறைத்தார் என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்ததுதான் அது. மக்ஸ் வரிகளை ஒழித்த சலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்), யூசுஃப் இப்னு தாஷிஃபீன் (ரஹ்) ஆகியோரை அவர் அதே நூலில் நினைவுகூர்வது, அந்த வரிகள் மக்களை வருத்தியவை என்பதால்தான்.

நம் பிள்ளைகளுக்கு இப்னு கல்தூனை அறிமுகப்படுத்தும்போது ரீகன் அவரைப் பாராட்டினார் என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். யார் பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும் அவருடைய கிதாபின் மதிப்பு குறையப் போவதில்லை. அவரைச் சான்றாகக் காட்டி யாராவது ஒரு கொள்கையை முன்வைத்தால், அது அமெரிக்காவானாலும் நம் நாடானாலும் முஸ்லிம் நாடுகளானாலும், அவர் எழுதியதில் எந்தப் பக்கத்தை விட்டுவிட்டார்கள் என்று திருப்பிப் பார்க்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும். அறிஞர்களுக்கு நாம் செய்யும் மரியாதை அவர்களை முழுதாக வாசிப்பதே.

ஐந்து மாதங்களில் ஒரு சிறு கோட்டையில் அமர்ந்து, தாம் பார்த்த அரசுகளின் தவறுகளை அச்சமின்றி எழுதிவைத்த அந்த மேதையின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக.